பொதிகையை ரயிலில் ஒரு சுற்று: நாகர்கோவிலில் ஏறி நாகர்கோவிலிலேயே இறங்க முழு வழிகாட்டி

மலை ரயில் என்றதும் நம் ஆட்கள் ஊட்டியைத்தான் சொல்வார்கள். அதற்கு மேட்டுப்பாளையம் வரை போக வேண்டும், டிக்கெட்டுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும், அப்புறம் லாட்ஜ், சாப்பாடு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நாகர்கோவிலில் மொட்டை மாடி ஏறினால் வடக்கே தெரிகிற அதே மலைத்தொடரைத் தண்டவாளம் முழுவதுமாகச் சுற்றி வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம், புனலூர், செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி, வள்ளியூர், மறுபடி நாகர்கோவில். ஏறக்குறைய 380 கிலோமீட்டர். இந்த வளையத்துக்குள்ளேதான் அகத்தியர்மலை, மகேந்திரகிரி, பேச்சிப்பாறை, கோதையாறு, மாஞ்சோலை, பாபநாசம் எல்லாம் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைச் சுற்றி வரும் பயணம் இது. விடியற்காலையில் கிளம்பினால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன்.

முதலில் திசையை முடிவு செய்யுங்கள்

இந்த வட்டத்தை இரண்டு பக்கமாகவும் போகலாம். என் ஓட்டு திருவனந்தபுரம் வழியாகப் போய், திருநெல்வேலி வழியாகத் திரும்புவதற்கே. இதற்குக் காரணம் வெளிச்சம். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் உள்ள ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான மலைப்பாதைதான் இந்தப் பயணத்தின் உயிர். அதை நல்ல பகலில் கடக்க வேண்டும். கொல்லத்திலிருந்து சென்னை எழும்பூர் போகும் விரைவு வண்டி நண்பகல் வாக்கில் கிளம்பி, பிற்பகலில் மலை ஏறுகிறது. குருவாயூரிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியும் இந்த வழியில் பகலில் போவதுதான்.

ஒரு எச்சரிக்கை. பாலருவி எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு ஏறிவிடாதீர்கள். பெயர் அருவியின் பெயர்தான், ஆனால் வண்டி மலையைக் கடப்பது நள்ளிரவுக்கு மேல். நன்றாகத் தூங்கலாம், வேறொன்றும் நடக்காது.

இந்தத் திசையில் இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் மலையை வலம் வருகிறீர்கள், ஆகவே மலை எப்போதும் வலப்பக்கம். வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து வலது ஜன்னலைப் பிடித்தால் போதும். மலைப்பாதை ஒன்றுதான் விதிவிலக்கு, அதைப் பிறகு பார்க்கலாம்.

எப்போது போவது

ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் நேரம். மலை முழுக்கப் பச்சையாக இருக்கும், அருவிகளும் ஓடைகளும் நிறைந்திருக்கும். ஆனால் மேகம் இறங்கிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போல ஒன்றுமே தெரியாது. சித்திரை, வைகாசியில் கிழக்குப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆவணி, புரட்டாசி எனக்குப் பிடித்த காலம். மழை விட்டுவிட்டுப் பெய்யும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், மலை முகடும் தெரியும். கார்த்திகை முதல் தை தொடக்கம் வரை சபரிமலைக் கூட்டம். ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று சாஸ்தா கோவில்கள் அந்த வழியிலேயே இருப்பதால் வண்டியில் நிற்கக்கூட இடம் இருக்காது. வார நாளாகப் பாருங்கள், ஞாயிறு வேண்டாம்.

கனமழை பெய்யும் நாட்களில் மலைப்பாதையில் வண்டிகளை நிறுத்துவதும் நேரம் மாற்றுவதும் உண்டு. முந்தின நாள் இரவே ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் பார்த்துவிடுங்கள். கால அட்டவணை அடிக்கடி மாறுகிறது என்பதால் இந்தக் கட்டுரையில் நிமிடக் கணக்கு எதுவும் தரவில்லை. காலை, நண்பகல், மாலை என்ற சட்டகத்தை வைத்துக்கொண்டு, அன்றைய நேரத்தை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

டிக்கெட்

ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக எடுப்பதே எளிது: நாகர்கோவில் முதல் கொல்லம், கொல்லம் முதல் செங்கோட்டை, செங்கோட்டை முதல் திருநெல்வேலி, அங்கிருந்து நாகர்கோவில். புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறவர்களுக்கு ரயில்வேயில் சுற்றுப்பயண டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கோட்ட வணிக அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பல நாள் பயணத்துக்குச் சரி, ஒரு நாள் சுற்றுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முன்பதிவில்லாத டிக்கெட்டை ரயில்ஒன் செயலியிலேயே எடுக்கலாம். 200 கிலோமீட்டருக்குக் குறைவான தூரம் என்றால், டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் வண்டியில் ஏறிவிட வேண்டும். ஆகவே காலையிலேயே நாலு டிக்கெட்டையும் எடுத்து வைத்துக்கொள்கிற வேலை நடக்காது.

கொல்லம் – செங்கோட்டைத் துண்டுக்கு மட்டும் ஸ்லீப்பரில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 200 கிலோமீட்டருக்கு வாங்குகிறார்கள், பரவாயில்லை, உட்கார இடம் நிச்சயம். ஏ.சி. பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கண்ணாடி வழியாக மலையின் நிறமே தெரியாது; மண் வாசனையும் மலையைக் குடைந்த ரயில் குகைக்குள் வருகிற குளிர்காற்றும் கிடைக்காது. பதிவில் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள், ஜன்னல் கீழ்ப்படுக்கைக்காரர்களுக்குத்தான்.

கட்டம் 1: நாகர்கோவில் – கொல்லம்

பதினோரு மணிக்குள் கொல்லம் சேர வேண்டும், அதற்கேற்ற காலை வண்டியைப் பிடியுங்கள். பரசுராம் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே நாகர்கோவிலைத் தாண்டிவிடும், அதில் போனால் நம் மாவட்டத்தை இருட்டில் கடப்பீர்கள். விடிந்த பிறகு கிளம்பும் சாதாரண வண்டி இருந்தால் அதுவே நல்லது. பைய போகும், நிறைய இடங்களில் நிற்கும், இன்றைக்கு நமக்கு வேண்டியதும் அதுதான்.

எந்த நிலையம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டாற்றில் இருப்பது சந்திப்பு. சில வண்டிகள் சந்திப்புக்கு வராமல் நாகர்கோவில் டவுன் வழியாகவே திரும்பிப் போய்விடும். கோட்டாற்றில் காத்திருந்து வண்டியை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிப் பாதை அந்த ஆண்டில் திறந்தது, திருநெல்வேலிப் பக்கம் 1981-ல் இணைந்தது. செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் 1904-லேயே ரயில் ஓடியது என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். எழுபத்தைந்து வருடம் நாம் பின்னால். அதுவரை ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துத் திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ போக வேண்டியிருந்தது.

டவுனைத் தாண்டியதும் வலப்பக்கம் வேளிமலை தெரியத் தொடங்கும். குமாரகோவில் அதன் அடிவாரம், பத்மநாபபுரம் கோட்டையும் அந்தப் பக்கம்தான். வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி வரை ஒருபுறம் தென்னை, ஒருபுறம் வாழை, நடுநடுவே வயல். கன்னிப்பூவோ கும்பப்பூவோ (இங்கத்து இரண்டு நெல் பருவங்கள்), நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்து வயல் நாற்றாகவோ கதிராகவோ இருக்கும். சில இடங்களில் தண்டவாளம் செம்மண் மேட்டை வெட்டிக்கொண்டு போகும். இருபுறமும் சிவப்புச் சுவர், அதில் தொங்கும் வேர்கள், மேலே யார் வீட்டுக் கொல்லையோ.

குழித்துறை நெருங்க நெருங்க ரப்பர் வந்துவிடும். வண்டி வேகம் குறைத்தால் கவனியுங்கள்: மரத்தில் சரிவாகக் கீறிய பட்டை, அதன் கீழே கம்பியில் கட்டிய சிரட்டை, சிரட்டையில் பால். வீட்டு முற்றத்துக் கொடியில் துணியோடு துணியாக ரப்பர் ஷீட்டும் காய்ந்துகொண்டிருக்கும்.

குழித்துறை ஆற்றுப் பாலத்தில் ஜன்னலை விட்டு எழுந்துவிடாதீர்கள். இந்த ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர். இது மேற்கே ஓடி தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. இதே மலையின் மறுபுறம் பிறந்து கிழக்கே ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேர்வது நெல்லைத் தாமிரபரணி. மாலையில் அதையும் கடக்கப் போகிறீர்கள். ஒரே நாளில் இரண்டு தாமிரபரணியையும் ரயில் பாலத்தில் தாண்டுகிற வாய்ப்பு இந்தச் சுற்றில்தான் கிடைக்கும்.

பாறசாலையோடு கேரளம். திருவனந்தபுரம் முதல் கொல்லம் வரை மலைக்கு வேலையில்லை, அந்தப் பகுதியில் மட்டும் இடப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம். வர்க்கலைக்கும் கொல்லத்துக்கும் இடையே பரவூர்க் காயல் வரும்போது பார்த்தால் போதும்.

கட்டம் 2: கொல்லத்தில் இடைவேளை

கொல்லம் சந்திப்பின் நீண்ட நடைமேடை 1180 மீட்டருக்கு மேல், உலகின் நீளமான நடைமேடைகளில் ஒன்று. கேட்கப் பெருமையாக இருக்கும், தப்பான முனையில் நின்றால் ஓட்டம்தான். உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை இங்கேயே பொட்டலமாக வாங்கிவிடுங்கள், மலைப்பாதை நிலையங்களை நம்ப முடியாது. வீட்டிலிருந்து ஒரு சீப்பு மட்டிப்பழமும் கொஞ்சம் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்திருந்தால் இன்னும் நல்லது. மட்டி தோல் மெலிசு, பைக்கு அடியில் வைத்தால் குழைந்துவிடும், மேலே வையுங்கள்.

கட்டம் 3: புனலூர் – செங்கோட்டை

குண்டறை, கொட்டாரக்கரை வரை சாதாரணக் கேரளக் காட்சிதான், சாப்பிட்டு முடிக்க நல்ல நேரம். புனலூரில் வண்டி கொஞ்சம் அதிகம் நிற்கும். மலை ஏறுவதற்காக வண்டியின் பின்பக்கமும் ஓர் இன்ஜின் மாட்டுவார்கள். முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்குபாலம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிப் போய்ப் பார்க்க இன்று நேரமில்லை.

இடமண், ஒற்றைக்கல், தென்மலை என்று ஒவ்வொரு நிலையமாக ஏற ஏற வண்டி சைக்கிள் வேகத்துக்கு வந்துவிடும். இங்கே மட்டும் வலப்பக்கம், இடப்பக்கம் என்று பார்க்க வேண்டாம். வளைவுக்கு வளைவு பாறையும் பள்ளமும் இடம் மாறும். இரண்டு பேராகப் போனால் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, காட்சி வரும்போது கூப்பிட்டுக்கொள்வதுதான் வழி. வளைவில் எட்டிப் பார்த்தால் உங்கள் வண்டியின் இன்ஜினே தெரியும். எட்டிப் பார்ப்பது ஜன்னல் வழியாக மட்டும். படிக்கட்டில் தொங்கி வீடியோ எடுப்பவர்கள் இந்தப் பாதையில் அதிகம். பாறை வெட்டு தோளை உரசுகிற தூரத்தில் வரும், குகைச்சுவர் அதைவிட நெருக்கம். ரயில்வே சட்டம் 156-ஆம் பிரிவில் படிக்கட்டுப் பயணத்துக்கு மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

கழுதுருட்டி அருகே வருவதுதான் எல்லோரும் காத்திருக்கிற பதிமூன்று கண் பாலம். கருங்கல் தூண்கள், பதிமூன்று வளைவுகள், கீழே ஆறு, பக்கத்திலேயே கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலை. மீட்டர்கேஜ் காலத்தில் கட்டியது. அகலப்பாதையாக மாற்றியபோது தூண்களுக்குக் கான்கிரீட் போர்த்திப் பலப்படுத்தினார்கள். உண்மையைச் சொன்னால், பாலத்தின் அழகு ரயிலில் இருப்பவருக்குத் தெரியாது, சாலையில் நிற்பவருக்குத்தான் தெரியும். ரயிலில் இருந்து கிடைப்பது வேறு: திடீரென்று இருபுறமும் ஒன்றுமில்லாமல் போய், கீழே சாலையில் போகிற லாரிக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பது தெரியும்.

இந்தப் பாதை 2010-ல் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டது, முழுதாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. கொல்லம் துறைமுகத்தை மலைக்கு அந்தப்பக்கம் இணைக்கத்தான் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாணமும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து இதைப் போட்டன. திருவிதாங்கூருக்குள் வந்த முதல் ரயில் இதுதான். நம் தாத்தா காலத்து ராஜ்யத்தின் முதல் தண்டவாளம், ஆனால் நமக்குத்தான் எட்டாத தூரத்தில் இருந்தது.

இடப்பாளையம், ஆரியங்காவு தாண்டியதும் நீளமான குகை வரும், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெட்டிக்குள் பிள்ளைகள் கூச்சல் போடும், போடட்டும். குகைக்கு இந்தப்பக்கம் ஈரமும் பாசியும் மூங்கிலும். வெளியே வந்தால் பகவதிபுரம். வெளிச்சம் கூடும், காற்று காய்ந்திருக்கும், சமவெளி கண்ணுக்கெட்டிய வரை விரிந்து கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கிழக்கே வருகிறது. குற்றாலத்துச் சாரல் அந்த மிச்சம்தான்.

கட்டம் 4: செங்கோட்டை – திருநெல்வேலி

செங்கோட்டையில் இறங்குங்கள். இந்த ஊரும் நம்மைப் போலத் திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்ததுதான். வாஞ்சிநாதன் ஊர். மாலை வண்டிக்கு நேரம் இருந்தால் ஆட்டோ பிடித்துப் பிரானூர் போய் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடலாம். நேரம் குறைவென்றால் வேண்டாம். அந்தக் கடைகளில் இடம் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். குற்றாலத்துக்கும் ஆசைப்படாதீர்கள், அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

திருநெல்வேலி வண்டியில் மறுபடி வலது ஜன்னல். தென்காசி, பாவூர்ச்சத்திரம், கீழக்கடையம், ஆழ்வார்குறிச்சி. மேற்கே பொதிகை முழு நீளத்துக்கும் நிற்கும், சூரியன் அதன் பின்னால் இறங்கும். காலையில் நாம் பார்த்தது மலையின் ஈரமான முதுகு, இது வெயில் முகம். இந்தப் பக்கம் மலை சட்டென்று சமவெளியிலிருந்து எழும்பி நிற்பதால் உயரம் நன்றாகத் தெரிகிறது. அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் நெல்லைத் தாமிரபரணி. இருட்டுவதற்குள் இந்தப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அன்றைய கணக்கு சரி. சேரன்மகாதேவிக்கு அப்புறம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

கட்டம் 5: வீடு திரும்ப

திருநெல்வேலியில் இரவு நாகர்கோவில் வண்டி கையெட்டும் நேரத்தில் இருந்தால் ஏறுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டாம். வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையம் போய்விடுங்கள், நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்துக்கு பஸ் இருந்துகொண்டே இருக்கும். சுற்று ரயிலில்தான் முடிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு மட்டும் ரயில். எப்படியும் இருட்டில் ஆரல்வாய்மொழி தெரியப் போவதில்லை.

ஆரல்வாய்மொழிக்கு ஒரு தனிக் காலை

அதனால்தான் இந்தப் பகுதியைத் தனியாக வைத்திருக்கிறேன். வயதானவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் முழுச் சுற்றும் போக முடியாது. அவர்களுக்கு இந்த அரை நாளே போதும். காலையில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வண்டியில் வள்ளியூருக்கு டிக்கெட் எடுங்கள். இந்தத் தடவை இடது ஜன்னல். காலை வெயில் கிழக்கிலிருந்து நேரே மலை மேல் விழும், ஒவ்வொரு மடிப்பும் துல்லியமாகத் தெரியும்.

தோவாளை வரை வயலும் குளமும். தாடகை மலை படுத்திருக்கும் பெண்ணைப் போலத் தெரியும் என்பார்கள், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் முகம் எது, கால் எது என்று வள்ளியூர் வரை தேடிக்கொண்டிருப்பார்கள். ஆரல்வாய்மொழியில் மலைத்தொடருக்கும் தெற்கே தனியாக நிற்கும் குன்றுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வண்டி நுழைகிறது. திருவிதாங்கூரின் தெற்கு வாசல் இது. வேலுத்தம்பி தளவாயின் படைகளிடமிருந்து ஆங்கிலேயர் 1809-ல் பிடித்த கோட்டை இங்கேதான் இருந்தது.

கணவாய்க்குள் புகுந்த காற்று ஒடுங்கி வேகமெடுக்கிறது. அதை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். வைகாசி முதல் புரட்டாசி வரை எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் ஜன்னலோரம் தொப்பியும் டிக்கெட்டும் பத்திரம். கணவாயைத் தாண்டினால் மண் சிவந்து, தென்னை போய்ப் பனை வந்துவிடும். இடப்பக்கம் மகேந்திரகிரி, 1654 மீட்டர். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மையம்.

வள்ளியூரில் இறங்கிக் குகைக்கோவில் முருகனைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்காவது காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். திரும்ப ரயில் தாமதமானால் வடசேரி பஸ். அது காவல்கிணறு, முப்பந்தல் வழியாக வருவதால் காற்றாலைகளை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். டிரைவருக்குப் பின்னால் வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள்.